பசி வேறு, பார்வை வேறு: வறுமை, ஒப்பீடு, குற்றம் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். பெற்றோர் கூட்டங்களிலும், கோயில் மண்டபத்திலும், அட்டன் பஸ்ஸில் பக்கத்து ஆசனத்திலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் தாய்மாரே அதிகம். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு எவ்வளவு எழுதினாலும் போதாது.

வறுமைதான் குற்றத்துக்குக் காரணம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 14.3 சதவீதம். பெருந்தோட்டத் துறையில் அது 33.8 சதவீதம். வறுமை ஒன்றே குற்றத்தைப் பெற்றெடுக்கும் என்றால் லயன்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) உள்ள மலைகளெல்லாம் திருடர்களால் நிறைந்திருக்க வேண்டும், கொழும்பில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கலாம். ஆனால் பாரதூரமான குற்றங்கள் அதிகம் பதிவாவது நாட்டின் பணம் குவிந்திருக்கும் மேல் மாகாணத்தில்தான். அங்கே சனத்தொகையும் அதிகம் என்பதை மறுக்கவில்லை.

அமெரிக்காவில் 2008 நெருக்கடியின்போது வேலையில்லாதோர் வீதம் ஏறத்தாழ இரட்டிப்பாகி 10 சதவீதத்தைத் தொட்டது. குற்றம் பெருகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அது குறைந்தது. இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பவேரியாவில் றை என்ற தானியத்தின் விலை ஏறிய ஆண்டுகளில் திருட்டும் கூடவே ஏறியதைப் பழைய பதிவேடுகள் காட்டுகின்றன. உணவுக்கே வழியில்லாமல் போகும்போது சில்லறைத் திருட்டு கூடும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அப்பாலான குற்றங்களுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

பசிக்காகத் திருடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அன்று ஒரு தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய், அதுவும் ‘முழுப் பேர்’, அதாவது முழு நாள் வேலையாகப் பதிவு, விழுந்தால். கிலோ குறைந்தால் அரைப் பேர். கோதுமை மாவும் தேங்காயும் விற்ற விலையில் ரொட்டிக்கும் சம்பலுக்குமே அந்தக் காசு காணாமல் போனது. அடுத்தவர் தோட்டத்து மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கியவர்கள், பலாக்காய் வெட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். ஊரும் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் களவுபோன பொருளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2024 ஜனவரியில் கரட் கிலோ இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டியபோது நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களுக்கு இராக்காவல் போட வேண்டியிருந்தது. நான்கு மூடை கரட்டை இரவோடிரவாகக் கிளப்பியவன் அதை வீட்டில் குழம்பு வைக்கப் போவதில்லை. அவனிடம் லொறி இருந்தது, அல்லது லொறிக்காரனைத் தெரிந்திருந்தது, காலையில் வாங்குவதற்கு ஒரு வியாபாரியும் இருந்தான். தண்ணீர் மோட்டாரும் செப்புக் கம்பியும் களவுபோவதும் இந்த வகைதான். இத்தகைய களவு நடக்கப் பசி மட்டும் போதாது, சந்தையும் வேண்டும்.

ஒப்பீடு என்றால் பொறாமைதானே? அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?

பொறாமை ஒருவருடைய குணம். இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல. நான் யாரோடு என்னை வைத்துப் பார்க்கிறேன், அவருக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்திருக்க வேண்டியது என்று நினைக்கிறேனா, கிடைக்காதது அநியாயம் என்று படுகிறதா என்பதே கேள்வி. இந்த மூன்றும் சேர்ந்தால் நல்ல குணமுள்ளவனுக்கும் நெஞ்சு எரியும்.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் படையினரை ஆராய்ந்த சாமுவேல் ஸ்டவ்ஃபர் குழுவினர் 1949இல் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். பதவி உயர்வு மளமளவென்று கிடைத்த விமானப் படையணியில்தான் பதவி உயர்வு பற்றிய குறை அதிகம். அது அபூர்வமாகவே கிடைத்த இராணுவப் பொலிஸ் பிரிவில் மனக்குறை குறைவு. கூட இருப்பவன் ஏறாதபோது நான் ஏறாதது உறுத்துவதில்லை. கூட இருப்பவன் ஏறிவிட்டால் தூக்கம் போய்விடுகிறது.

நம் மலைகளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா மேட்டில் இருக்கிறது, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் (லயன் அறைகள்) கீழே இருக்கின்றன. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வைக் கண்முன்னே வைத்துக்கொண்டு ஏழு எட்டுத் தலைமுறை வாழ்ந்திருக்கிறது. பங்களாவைப் பார்த்து யாரும் ‘நமக்கும் அது வர வேண்டியது’ என்று நினைக்கவில்லை. அவர் துரை, வேறு உலகத்தவர், ஒப்பிட எதுவுமில்லை. பக்கத்துக் காம்பராவில் குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பழைய லயன்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரை எட்டுவதில்லை. அந்த வீட்டில் கோழிக்கறி தாளிப்பது இந்த வீட்டுப் பிள்ளையின் மூக்குக்கு வரும். அவனும் நானும் ஒரே பெரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) நின்றவர்கள், ஒரே பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு அவனுக்கு மட்டும் எப்படி?

பட்டியல்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. 7 பேர்ச் காணியில் தனி வீடு யாருக்கு, 2023இல் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக வந்த அஸ்வெசும கொடுப்பனவு யாருக்கு என்ற பட்டியல்கள் ஒட்டப்பட்ட நாட்களில் லயத்துக்குள் மூண்ட பகை எத்தனையோ. எவருக்குமே வீடு இல்லாதிருந்த காலத்தில் அந்தப் பகை கிடையாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவும் ஊர்களைப் புரட்டிப்போட்டபோதும் இதையே கண்டோம். முதல் நாட்களில் எல்லோரும் ஒரே மண்டபத்தில், எல்லோருக்கும் ஒரே அண்டாச் சோறு. இழப்பு அவ்வளவு பெரிது, ஆனாலும் மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கினார்கள். பெயர் எழுதத் தொடங்கிய பிறகுதான் முணுமுணுப்பு எழுந்தது. பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை வைத்துத் தெரிவு செய்தார்கள் என்று யாருக்கும் விளங்காத பட்டியல்தான் நஞ்சாகிறது.

தீபாவளியை ஒட்டிச் சண்டையும் களவும் கூடுவதுபோல் தோன்றுகிறதே, ஏன்?

வருடத்தில் ஒப்பீடு உச்சத்துக்குப் போகும் வாரம் அது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் பஸ் கூரை அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு வருகிறார்கள். புதுச் சப்பாத்து, புதுக் கைத்தொலைபேசி, தங்கைக்குச் சுடிதார், அப்பாவுக்கு ஒரு போத்தல். ஊரில் தங்கிவிட்ட பையன் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடை மாடியில் மூடைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்து, முதலாளியிடம் மூன்று மாதச் சம்பளத்தை முற்பணமாக வாங்கி அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தவன் அவன் என்பது இவனுக்குத் தெரியாது. வந்தவனும் சொல்லமாட்டான். ஒருவருடைய கடனைப் பார்த்து இன்னொருவர் ஏங்குகிறார் என்பதுதான் நடப்பு.

தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணம் அடுத்தடுத்த மாதச் சம்பளங்களில் பிடித்தமாகக் கழியும். அது போதாதவர் கடைக் கணக்கில் ஏற்றுவார், கடைக்காரர் மறுத்தால் வட்டிக்கு வாங்குவார். பிள்ளைக்கு எதையும் வாங்கிக் கொடுக்க முடியாத தகப்பன் குடித்துவிட்டு வருவதையும், அன்றிரவு வீட்டில் நடப்பதையும் நான் விவரிக்கத் தேவையில்லை. அதுவும் குற்றம்தான், பொலிஸ் புத்தகத்தில் ஏறாத குற்றம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்’ என்று நாளுக்கு மூன்று முறை சொல்லிவிட்டு, பிள்ளை அடுத்த வீட்டைப் பார்க்கிறான் என்று என்னிடம் வந்து குறைப்படாதீர்கள்.

கைத்தொலைபேசியும் முகநூலும்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறதா?

கெடுக்கிறது என்பதைவிட, பக்கத்துக் காம்பராவைப் பெரிதாக்கிவிட்டது எனலாம். முன்பு ஒப்பிடுவதற்கு லயத்தில் பன்னிரண்டு குடும்பம் இருந்தது. இப்போது கட்டாரில் வேலை செய்யும் மச்சானின் கார் முன்னால் எடுத்த படமும் அதே லயத்துக்குள் வந்துவிட்டது. அவன் நம்மவன் என்பதால்தான் அது உறைக்கிறது. சினிமா நடிகரின் கார் யாரையும் தூங்கவிடாமல் செய்வதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் குற்றம் செய்வதில்லையே. யார் செய்கிறார்கள்?

நல்ல கேள்வி. 1938இல் ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டுகிறது, ஆனால் அங்கே போகும் நேர்வழியை எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. இந்த இடைவெளியில் அகப்பட்டவர்கள் ஐந்து விதமாக நடந்துகொள்வார்கள் என்றார். ஐந்து பேரையும் ஒரே தோட்டத்தில் காட்டலாம்.

ஒருவர் இலக்கையும் நேர்வழியையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார், மகளை எப்படியாவது உயர்தரம் வரை படிக்கவைக்கிறார். பெரும்பான்மை இவர்கள்தான், ஆனால் இவர்களைப் பற்றிச் செய்தி வராது. இரண்டாமவர் இலக்கைக் கைவிட்டுவிட்டார், ஆனாலும் தினமும் பெரட்டுக்குப் போகிறார், வருகிறார். மூன்றாமவர் இரண்டையும் விட்டுவிட்டுக் கசிப்பு என்ற கள்ளச்சாராயப் போத்தலோடு ஒதுங்கிவிட்டார். நான்காமவர் இந்த இலக்கே பிழை, ஒழுங்கையே மாற்ற வேண்டும் என்று கொடி பிடிக்கிறார். ஐந்தாமவருக்கு இலக்கு வேண்டும், ஆனால் நேர்வழி அடைத்திருக்கிறது, அதனால் குறுக்கு வழி. நாம் பேசும் குற்றவாளி இவர்.

மெர்ட்டனிடம் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த ஐந்தும் ஐந்து தனி மனிதர்கள் அல்ல. ஒரே ஆள் இருபது வயதில் முதலாமவராகவும் இருபத்தைந்தில் ஐந்தாமவராகவும் நாற்பதில் மூன்றாமவராகவும் ஆவதைப் பார்த்திருக்கிறேன். வழி மாறும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு விடயங்கள் நிற்கின்றன. ஒன்று, அவமானம். எல்லோர் முன்னாலும் கடைக்காரர் கணக்கைக் கேட்டார், பெண் வீட்டார் லயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள், அப்படி ஏதாவது ஒன்று. மற்றது, ‘நான் ஒரு வழி காட்டுகிறேன்’ என்று வரும் ஓர் ஆள். அப்படி வழி காட்டும் ஆள் வராத இடங்களில் நெஞ்செரிச்சல் நெஞ்செரிச்சலாகவே முடிந்துபோகிறது.

கடன் எங்கே வந்து சேர்கிறது?

நடு மையத்தில். ஒப்பீட்டுக்குத் தவணைத் திகதி கிடையாது, கடனுக்கு உண்டு. 20,000 ரூபாயை மாதம் பத்து வீத வட்டிக்கு வாங்கியவர் வட்டியாக மட்டும் மாதம் 2,000 கட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மாதத்தில் ஒன்றரை நாள் வட்டிக்காரருக்காகக் கொழுந்து பறிக்கிறார், முதல் அப்படியே நிற்கிறது. மீற்றர் வட்டியில் இது நாள் கணக்கில் ஓடும். நுண்கடன் நிறுவனங்களிலோ பத்துப் பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு. ஒப்பீட்டையும் அவமானத்தையும் வசூல் முறையாகவே ஆக்கிவிட்டார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சத்துக்குக் குறைந்த நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்கும் அளவுக்கு அந்தச் சுமை முற்றியிருந்தது.

கடன் புத்தியையும் மழுக்குகிறது. தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களிலும், அறுவடைப் பணம் வந்த பிறகும், அதே ஆட்களுக்குச் சிந்தனைத் திறன் பரீட்சை வைத்தார்கள். காசு இல்லாத நாட்களில் அவர்களுடைய புள்ளிகள் தெளிவாகக் குறைந்தன. ‘இவ்வளவு புத்தியுள்ள பையன் ஏன் இந்த முட்டாள்தனத்தைச் செய்தான்’ என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இத்தகையவர்களின் முதல் களவு பெரும்பாலும் வெளியில் நடப்பதில்லை. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகும். அக்காவின் சீட்டுப் பணம் காணாமல்போகும். வீட்டார் மூடி மறைப்பார்கள். இரண்டாவது களவுதான் ஊருக்குத் தெரியவரும்.

ஆற்றில் மாணிக்கக்கல் தோண்டுவது எல்லாம் குற்றமா? பிழைப்புத்தானே?

பொகவந்தலாவ, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தில் இந்தக் கேள்வி கேட்காதவர் இல்லை. தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழ்வது குற்றம், இதில் விவாதமில்லை. ஆற்றோரம் இடிகிறது, சேறு நீர்த்தேக்கங்களில் படிகிறது, குழி சரிந்து ஆட்கள் புதைகிறார்கள்.

ஆனால் இரவில் டோர்ச் வெளிச்சத்தில் குழிக்குள் இறங்குபவனையும், அவனுக்குச் சாப்பாடும் சாராயமும் கொடுத்துவிட்டு ஊரில் இருந்தபடி கல்லுக்குக் காத்திருப்பவனையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது. சுற்றிவளைப்பில் பிடிபடுவது முதலாமவன். ஒரு கல் கிடைத்து வாழ்க்கை மாறிய ஒருவனுடைய கதை பத்துத் தோட்டங்களுக்குப் பரவுகிறது. கிடைக்காத நூறு பேரின் கதையைச் சொல்ல யாரும் இல்லை. இங்கேயும் ஒப்பீடு வென்றவனோடு மட்டுமே நடக்கிறது.

‘ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்’ என்று என் தம்பியிடம் சொல்கிறார்களாம். என்ன செய்வது?

இன்றைக்கே தடுத்து நிறுத்துங்கள். 2022இல் திருத்தப்பட்ட போதைப்பொருள் சட்டத்தின்படி ஐஸ் 5 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். ஹெரோயினுக்கு அந்த எல்லை 2 கிராம். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று தெரியாது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது மிகக் கடினம். தம்பியிடம் பேசும்போது பாவ புண்ணியத்தில் தொடங்காதீர்கள், இந்தக் கிராம் கணக்கைச் சொல்லுங்கள்.

தோட்ட மக்களிடையே குற்றம் அதிகம் என்று பட்டணத்தில் பேசுகிறார்கள். பதில் என்ன?

பட்டணத்து வீடுகளில் நகை காணாமல்போனால் முதலில் யாருடைய பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள்? வேலைக்கு நிற்கும் தோட்டத்துப் பெண்ணின் பையை. நகை பிறகு அலுமாரிக்குப் பின்னால் கிடைத்தால் மன்னிப்புக் கேட்பவர்கள் குறைவு. சந்தேகம் வறியவர்மீது முதலில் விழுவதால் வறியவர் அதிகம் பிடிபடுகிறார், அதிகம் பிடிபடுவதால் சந்தேகம் வலுக்கிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் சேமலாப நிதியை (ஓய்வுக்காலச் சேமிப்பை) பிடித்துவிட்டு உரிய இடத்தில் கட்டாமல் வைத்திருப்பதை நாம் ஏன் ‘நிலுவை’ என்கிறோம்? அவன் பத்துக் கிலோ பச்சைக் கொழுந்தை வெளியே விற்றால் அது ‘திருட்டு’. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், நாட்டின் பொருளாதார நெருக்கடிக்கு முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உள்ளிட்டோர் பொறுப்பு என்றும் மக்களின் நம்பிக்கையை அவர்கள் மீறினார்கள் என்றும் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்குத் தலா 150,000 ரூபாய் வழக்குச் செலவு கொடுக்கும்படி கட்டளையிட்டது. அது அடிப்படை உரிமை வழக்கு என்பதால் சிறைத் தண்டனைக்கு அங்கே இடமில்லை, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் மா விலை ஏறிய வருடத்தில் மரவள்ளி பிடுங்கியவனை நினைத்துக்கொண்டு அந்தத் தொகையை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.

பெண்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

கஷ்ட காலத்தில் பெண்கள் குற்றம் செய்பவர்களாவதைவிடக் குற்றத்துக்கு ஆளாவதே அதிகம். வீட்டுக்குள் அடி என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929.

சேர், என் மகனிடம் விலை கூடிய தொலைபேசி இருக்கிறது. காசு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறான் இல்லை.

அடித்தால் பொய் கூடும், உண்மை வராது. தொலைபேசியைப் பற்றி முதல் நாள் கேட்காதீர்கள். யாரோடு போகிறான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான், யார் அவனை ஏளனம் செய்தார்கள் என்பதைக் கண்டுபிடியுங்கள். அவனுடைய மாமாவோ சித்தப்பாவோ, அவன் மதிக்கும் யாராவது ஒருவர் பேசுவது நல்லது. தவணைக்கு வாங்கியிருக்கவும் கூடும், எடுத்த எடுப்பில் திருடனாக்கிவிடாதீர்கள். களவுப் பொருள் என்று தெரிந்தால் ஆற்றில் எறியவோ விற்கவோ வேண்டாம். சட்டத்தரணியோடு கொண்டுபோய்க் கொடுப்பது பின்னால் அவனுக்கு உதவும்.

பிள்ளை பிடிபட்டுவிட்டால்?

முதலில் வயது. 2018 திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது சட்டப்படி குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்த்து நீதவான் தீர்மானிப்பார்.

கைதானவரைப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை சொல்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையொப்பம் இடாதீர்கள். ‘தமிழ் தெரிந்தவர் இன்று லீவு’ என்பார்கள், காத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். சட்டத்தரணிக்கு வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போகலாம். தோட்டத் தலைவரையோ அரசியல்வாதியையோ கூட்டிக்கொண்டு போய்ப் பேசித் தீர்க்கலாம் என்று முதல் இரண்டு நாளை வீணாக்குவதுதான் நம் பழக்கம்.

தண்டனையைக் கடுமையாக்கினால் குறையாதா?

தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே ஆளைத் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வுகள் பலவற்றின் முடிவு. நம் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுச் செல்வோரில் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். காசில்லாமையால் செய்த தவறுக்கு, காசில்லாமையாலேயே இன்னொரு தண்டனை. வெளியே வந்ததும் பொலிஸ் நற்சான்றிதழ் கிடைக்காமல் வெளிநாட்டு வேலைக் கதவும் மூடிக்கொள்கிறது. நேர்வழி இன்னும் குறுகுகிறது.

அப்படியானால் யாரோடும் ஒப்பிடாமல், இருப்பதைக் கொண்டு வாழப் பிள்ளைகளுக்குப் போதிக்கலாமா?

இந்தப் போதனையை மலையகம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. சொன்னவர்களில் பலர் பங்களாவில் இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒப்பீடு இல்லாமல் இங்கே எதுவும் மாறியதில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆயிரம் ரூபாய் கேட்டுப் பல வருடங்கள் நடந்த போராட்டம் 2021இல்தான் பலித்தது. ‘வெளியே கூலி வேலைக்குப் போகிறவனுக்குக் கிடைப்பது எனக்கு ஏன் இல்லை’ என்பது ஒப்பீடு இல்லாமல் வேறு என்ன? 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையை மீளக் கேட்டவர்களும் நாட்டின் மற்ற மக்களோடு தங்களை ஒப்பிட்டவர்கள்தான்.

ஒரே எரிச்சல் பத்துப் பேர் சேர்ந்து சொல்லும்போது கோரிக்கையாகிறது, ஒருவன் தனியாக இருட்டில் சுமக்கும்போது களவாகிறது. தொழிற்சங்கங்கள் மீது இளைஞர்களுக்கு நம்பிக்கை தேய்ந்துபோனது குற்றத்தோடும் தொடர்புடைய விடயம் என்று நான் நினைப்பது இதனால்தான். சந்தா வாங்குகிறவர் எங்கள் கதையைக் கேட்பதில்லை என்று இருபது வயதுப் பையன் சொல்லும்போது அவனுக்கு மிச்சம் இருப்பது தனி வழி மட்டுமே. விளையாட்டுக் கழகமோ வாசிகசாலையோ இரவு வகுப்போ, எரிச்சலைக் கூடிப் பேச ஓர் இடம் உள்ள தோட்டத்தில் ‘வழி காட்டுகிறவர்’ கடை விரிப்பது கடினம்.

சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டார். வேறொருவர் ‘மூன்று பேரைச் சேர்த்தால் பணம் இரட்டிப்பு’ என்கிறார். என்ன செய்யலாம்?

இரண்டும் வேறு வேறு. சீட்டு விடயத்தில் கொப்பி, துண்டு, வங்கிச் சிட்டை எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். மற்ற அங்கத்தவர்களையும் சேர்த்துக்கொண்டு பொலிஸில் நம்பிக்கை மோசடி முறைப்பாடு கொடுங்கள். ஆள் ஊரில் இருந்து, கொடுக்கல் வாங்கல் தகராறு மட்டும் என்றால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். செலவு மிகக் குறைவு, சட்டத்தரணி தேவையில்லை.

ஆள் சேர்த்தால் இரட்டிப்பு என்பது பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. நடத்துபவர் மட்டுமல்ல, ஆள் சேர்ப்பவரும் குற்றவாளியாகலாம். உங்கள் அத்தையையும் பக்கத்துக் காம்பரா அக்காவையும் சேர்த்துவிட்டுக் காத்திருப்பவர் என்றால், இனி ஒருவரையும் சேர்க்காமல், கட்டிய பணத்துக்கான ஆதாரங்களோடு முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.